பழவேற்காட்டு ஏரியும் கடலும்: கடல்வெளித் திட்டமிடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரம்பாக்கம், தடா, சூளூர்ப்பேட்டை, இரக்கம் தீவு எனத் தமிழ்நாடு–ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழும் பகுதி எங்களுடையது. பழவேற்காடு ஏரியையும் அதை ஒட்டிய கடலையும் நம்பிப் பிழைப்பவர்கள் என்னிடமும் என்னைப் போன்றவர்களிடமும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கிறது. அது கருத்து என்பது படிக்கும்போதே தெரியும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

கடல்வெளித் திட்டமிடல் என்றால் என்ன?

ஒரு நகரத்துக்கு முழுமைத் திட்டம் தயாரிக்கும்போது குடியிருப்பு எங்கே, தொழிற்சாலை எங்கே, நீர்நிலை எங்கே என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்கிறார்கள். கடலின் எந்தப் பகுதியில் எந்தத் தொழில், எந்தப் பருவத்தில், எந்த நிபந்தனையோடு நடக்கலாம் என்பதை, அந்தக் கடலைப் பயன்படுத்தும் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யும் பொது நடைமுறைக்குத்தான் கடல்வெளித் திட்டமிடல் என்று பெயர். யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் 2009ஆம் ஆண்டு இதற்கான வழிகாட்டி நூலை வெளியிட்ட பின், பல நாடுகள் இதைக் கையில் எடுத்தன.

நிலத்துக்கும் கடலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வயலில் வீடு கட்டிவிட்டால் அங்கே நெல் விளையாது. கடலிலோ மேற்பரப்பில் கப்பல் போகும், இடையில் மீன் கூட்டம் போகும், அடியில் நண்டு இருக்கும். ஒரே இடம் தை மாதத்தில் ஆமைக்கும் ஆவணியில் வலைக்கும் உரியதாக இருக்கும். ஆகவே கடலுக்கான திட்டத்துக்கு வரைபடம் மட்டும் போதாது, கூடவே ஒரு நாட்காட்டியும் வேண்டும். இதை மறந்துவிட்டு வண்ணம் தீட்டிய வரைபடத்தோடு நின்றுவிட்ட திட்டங்கள் கரையில் உள்ளவர்களுக்குப் பயன்பட்டதில்லை.

கடல் எல்லோருக்கும் பொது. பொதுச் சொத்தை ஏன் பங்கு போட வேண்டும்?

பங்கு ஏற்கனவே போடப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. துறைமுகத்துக்கு ஓர் எல்லை, கப்பல்கள் நங்கூரமிட ஓர் இடம், ராக்கெட் ஏவும்போது மூடப்படும் ஒரு பகுதி, பறவைகள் சரணாலயத்துக்கு ஒரு வட்டம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி ஆணையின் மூலம் வந்தவை. ஒவ்வோர் ஆணையும் தன் அளவில் நியாயமாகவே இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை என்பதுதான் சிக்கல். கையில் காகிதம் உள்ளவருக்கு இடம் கிடைக்கிறது. தலைமுறைகளாக வலை போட்டும் காகிதம் இல்லாதவர் நகர்ந்துகொண்டே போகிறார்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இருக்கிறதே, அது போதாதா?

அந்த அறிவிக்கை கரையோர நிலத்தில் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்துவதற்காக 1991இல் தொடங்கியது. 2011இல் பன்னிரண்டு கடல்மைல் வரையிலான நீர்ப்பரப்பும் அதற்குள் கொண்டுவரப்பட்டது. இப்போது நடப்பில் இருப்பது 2019ஆம் ஆண்டின் வடிவம். ஒரு தனித் திட்டத்துக்கு அனுமதி தரலாமா கூடாதா என்பதை அது சொல்லும். ஐந்து திட்டங்கள் அடுத்தடுத்து வந்தால் அவை ஒன்றுசேர்ந்து ஏரியை என்ன செய்யும் என்ற கேள்விக்கு அதில் விடை தேட முடியாது.

எங்கள் பகுதியில் எந்தெந்த நலன்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன?

இதற்கு விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், கடலோடு கலக்கும் தெற்கு முகத்துவாரத்தை ஒட்டிய பகுதி தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. தெற்கில் ஆரணியாறும் வடமேற்கில் காளங்கியாறும் நன்னீர் கொண்டுவருகின்றன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. இறால் கடலில் முட்டையிடுகிறது; குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, பெரியதானதும் மீண்டும் கடலுக்குப் போகின்றன. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஏரியில் வலை போடுபவருக்கும் நட்டம், கடலில் வலை போடுபவருக்கும் நட்டம். எனவே ஏரிக்கு ஒரு திட்டம், கடலுக்கு ஒரு திட்டம் என்று பிரித்து எழுதினாலே தொடக்கத்தில் தவறு நேர்ந்துவிடுகிறது.

அந்த முகத்துவாரத்துக்குத் தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் இருக்கின்றன. எண்ணூரின் காமராஜர் துறைமுகம் 2001 முதல் இயங்குகிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெருமளவில் விரிவாக்கும் முன்மொழிவுக்கு 2021இலும் 2023இலும் அறிவிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. துறைமுகத்தை ஆதரிப்போர் சொல்லும் காரணம் உண்மையானது: வடசென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஸ்ரீசிட்டியிலும் உள்ள தொழிற்சாலைகளின் சரக்கு எப்படியாவது கடலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அதில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலையும் இருக்கிறது. எதிர்ப்போர் சொல்லும் காரணமும் உண்மையானது. இந்தக் கரையில் ஆண்டின் மொத்தக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவே கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினால் சுவருக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகன்றதும் இராயபுரத்துக்கு வடக்கே கடல் ஊருக்குள் வந்ததும் இதே காரணத்தால்தான். காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பதோ, கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடைப்பட்ட ஒடுக்கமான ஒரு மணல் திட்டு.

பறவைகளும் இதில் ஒரு தரப்பு. பூநாரைகளுக்காகவும் பிற நீர்ப்பறவைகளுக்காகவும் இரு மாநிலங்களும் ஏரியில் சரணாலயம் அறிவித்திருக்கின்றன. சரணாலய எல்லைக்குள் வாழும் மீனவர், ஒரு படகுத்துறையைச் செப்பனிடுவதற்கும் வனத்துறையின் அனுமதியை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது. பறவையைக் காப்பதற்கான சட்டம், பறவையோடு இவ்வளவு காலம் ஒட்டி வாழ்ந்தவரையே முதலில் கட்டுப்படுத்துகிறது என்ற வருத்தம் கரையில் இருக்கிறது. அந்த வருத்தத்தை யாரும் தள்ளிவிடக் கூடாது.

எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒரு தரப்பும் உண்டு. இருளர் பெண்கள் பனையோலையில் பின்னிய பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். படகு இல்லை, வலை இல்லை, ஆகவே பதிவும் இல்லை. ஆழம் குறைந்த ஓரப்பகுதியைத் தூர்வாரினாலோ அங்கே சாம்பலோ எண்ணெயோ படிந்தாலோ முதலில் வேலை இழப்பவர்கள் இவர்கள்தான். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்துக்குள் எண்ணெய் புகுந்தபோதும், படகும் வலையும் வைத்திருப்பவரின் இழப்பைக் கணக்கிடுவதற்காவது ஒரு வழி இருந்தது. கையால் பிடிப்பவரின் இழப்பை எந்த அளவுகோலால் அளப்பது?

எங்களிடம் பாடு முறை இருக்கிறது. அதுவும் ஒரு திட்டம்தானே?

ஆம், அது திட்டமேதான். அதைத் திட்டம் என்று ஏற்க மறுப்பதுதான் பெரிய குறை என்று நான் நினைக்கிறேன். கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் ஏரியின் இறால் இடங்களைப் பாடுகளாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த நாளில் எந்தப் பாட்டில் யார் வலை கட்டுவது என்பதை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் முடிவு செய்கிறார்கள். நல்ல இடம் இன்று ஒருவருக்குக் கிடைத்தால் நாளை இன்னொருவருக்குக் கிடைக்கும். இடமும் காலமும் ஆளும் சேர்ந்த இந்தக் கணக்கைத்தான் இன்றைய திட்ட வல்லுநர்கள் புதிய கண்டுபிடிப்பாகப் பேசுகிறார்கள். கொச்சிக் காயலிலும் இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் பாடு என்ற பெயரிலேயே இத்தகைய முறைகள் இருந்து வந்திருக்கின்றன.

ஆனால் பாடு முறையைக் குறையே இல்லாததாகக் காட்டுவதும் நேர்மையாகாது. குறிப்பிட்ட ஊர்களில் குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்த ஆண்களுக்கே அதில் உரிமை. இருளருக்கும், பின்னாளில் மீன்பிடிக்க வந்த பிற சமூகத்தாருக்கும், பெண்களுக்கும் அதில் இடமில்லை. அரசின் திட்டம் பாடு முறையை அப்படியே சட்டமாக்கினால் இந்த விலக்கும் சட்டமாகிவிடும். முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் அறிவை எடுத்துக்கொண்டு, உட்காரும் பாயை அகலமாக விரிக்க வேண்டும்.

ஏரி ஒன்று, மாநிலம் இரண்டு. யார் சட்டம் செல்லும்?

அவரவர் நீர்ப்பரப்பில் அவரவர் சட்டம். பன்னிரண்டு கடல்மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டருக்குள், மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் வருகிறது. அதற்கு அப்பால் ஒன்றியப் பட்டியலில் வருகிறது. தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையிலிருந்து மூன்று கடல்மைல், சுமார் ஐந்தரை கிலோமீட்டர், சிறு படகுகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆந்திரத்தின் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த அளவு எட்டுக் கிலோமீட்டர். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில் முறைப்படி இழுக்கப்படும் ஒரு விசைப்படகின் வலை, சற்று வடக்கே நகர்ந்தவுடன் சட்டமீறலாகிவிடுகிறது. கடலில் கோடு தெரிவதில்லை. மீனுக்கு அது தெரியவே தெரியாது. ஏரிக்குள்ளும் எல்லை எது என்ற சச்சரவில் வலைகள் அறுபட்டிருக்கின்றன, படகுகள் பிடித்துவைக்கப்பட்டிருக்கின்றன.

ஒன்றில் மட்டும் இரு மாநிலங்களும் ஒத்துப்போகின்றன: கிழக்குக் கடற்கரை முழுவதும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஒன்றாகவே நடக்கிறது. நாட்காட்டியில் ஒத்துப்போக முடிந்தவர்கள் வரைபடத்திலும் ஒத்துப்போகலாம். இரு மாநில மீன்வளத்துறைகளும், வனத்துறைகளும், இரு பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்துகளும் சேர்ந்த ஒரு கூட்டுக் குழு இல்லாமல் பழவேற்காட்டுக்கு எழுதப்படும் எந்தத் திட்டமும் அரைத் திட்டமாகவே இருக்கும். குழுவின் கூட்டம் தமிழிலும் தெலுங்கிலும் நடக்க வேண்டும். இரக்கம் தீவில் இருப்பவர் ஆந்திர அரசின் குடும்ப அட்டை வைத்திருந்தாலும் வீட்டில் பேசுவது தமிழ்.

ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போக முடிவதில்லை. இதை எப்படிச் சமன்செய்வது?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1979 ஆகஸ்டில் முதல் எஸ்.எல்.வி-3 ஏவப்பட்டது. ஏவுதல் நாட்களில் சுற்றுக் கடலை மூடுவது உயிர்ப் பாதுகாப்புக்காக. அதில் வாதம் இல்லை. அந்த ஏவுதளத்தைப் பற்றி எங்கள் கரையில் பெருமையும் உண்டு. ஆனால் மூன்றாவது ஏவுதளத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2025 ஜனவரியில் 3,984.86 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்திருக்கிறது. ஏவுதல்கள் கூடும் என்று எதிர்பார்க்கத்தான் வேண்டும். மூடப்படும் நாட்களின் கூலி இழப்பை யார் ஏற்பது என்பது இப்போதே பேசப்பட வேண்டியது.

உண்மையில், எல்லா மோதல்களிலும் இதுதான் தீர்ப்பதற்கு எளியது. இடம் ஒன்றே, காலத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். தேதியை முன்கூட்டியே தமிழிலும் தெலுங்கிலும் ஊர்களுக்குத் தெரிவிப்பதும், ஏவுதல் தள்ளிப்போனால் உடனே கடலைத் திறந்துவிடுவதும், தடைக்கால நிவாரணத்தைப் போல நாள் கணக்கில் ஈட்டுத்தொகை தருவதும் நடைமுறையில் முடியக்கூடியவை.

பொருளாதாரத்தையும் சுற்றுச்சூழலையும் சமன்செய்வது என்றால் ஆளுக்குப் பாதியா?

இல்லை. முகத்துவாரத்தைப் பாதி அடைக்கவும் முடியாது, கப்பலைப் பாதித் துறைமுகத்தில் நிறுத்தவும் முடியாது. நான் முதலில் கேட்கும் கேள்வி, தவறு நேர்ந்தால் அதைத் திரும்பப் பெற முடியுமா என்பது. கப்பல் பாதையை அடுத்த ஆண்டு மாற்றி வரையலாம். அரித்துப்போன மணல் திட்டை மாற்றி வரைய முடியாது. திரும்பப் பெற முடியாத செயலுக்கு, அதனால் வரும் வருமானம் எவ்வளவு என்றாலும், கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

அடுத்த கேள்வி, இந்தத் தொழிலை வேறு இடத்தில் செய்ய முடியுமா என்பது. சரக்குக் கிடங்குக்கு வேறு நிலம் கிடைக்கும். இறால் குஞ்சுக்கு வேறு முகத்துவாரம் கிடைக்காது. பொருளாதாரம் என்ற சொல்லைத் துறைமுகத்தின் பக்கமும் சுற்றுச்சூழல் என்ற சொல்லை ஏரியின் பக்கமும் வைத்து எடைபோடும் வழக்கம் எனக்கு உடன்பாடானது அல்ல. விடியற்காலையில் ஏலம் போகும் இறாலும் நண்டும் மடவையும் பொருளாதாரமே. ஏலக்காரர், ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், பேருந்தில் மீன் கொண்டுபோய் விற்கும் பெண்கள் என்று அந்தக் கணக்கு நீளும். அந்தக் கணக்கைப் பேரேடாக யாரும் எழுதி வைக்காததால் மட்டுமே அது சிறியதாகத் தெரிகிறது.

வேறு நாடுகளில் இது பலன் தந்திருக்கிறதா?

சில இடங்களில் தந்திருக்கிறது, விலையும் கேட்டிருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல் பாதை திமிங்கிலங்கள் கூடும் பகுதியின் வழியே போயிற்று. பல ஆண்டுகளாகத் திமிங்கிலங்கள் காணப்பட்ட இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்து, 2007இல் பாதையைச் சிறிது வடக்கே திருப்பினார்கள். கப்பலுக்குச் சில நிமிடங்கள் கூடின. திமிங்கிலங்கள் மோதலுக்கு ஆளாகும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. யாருக்கும் பெரிய இழப்பில்லாத இத்தகைய தீர்வு, தரவு கையில் இருந்தால்தான் கண்ணில் படும்.

ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் 2004இல் மீன்பிடிப்பு அறவே தடைசெய்யப்பட்ட பகுதி ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்ததிலிருந்து முப்பத்துமூன்று விழுக்காடாக உயர்த்தப்பட்டது. பவளத்துக்கு அது நன்மை. ஆனால் இடம் இழந்த மீனவர்களுக்குத் தர வேண்டியிருந்த ஈட்டுத்தொகை, அரசு முதலில் எண்ணியதைவிடப் பல மடங்காகிவிட்டது. திட்டத்தோடு ஈட்டுத்தொகைக்கான நிதியையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பதை நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் இது எந்த நிலையில் இருக்கிறது?

நார்வே நாட்டின் ஒத்துழைப்போடு புதுச்சேரியிலும் லட்சத்தீவிலும் முன்னோட்டமாக எடுத்துச் செய்யப்பட்டது. சென்னையிலுள்ள தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையத்துக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. பழவேற்காடு போன்ற இரு மாநில நீர்ப்பரப்பை முன்னோட்டமாக எடுத்திருந்தால் பாடம் இன்னும் கடினமாகவும் பயனுள்ளதாகவும் இருந்திருக்கும்.

ஒரு முறை போட்ட திட்டத்தை மாற்ற முடியுமா?

மாற்றத்தான் வேண்டும். பெல்ஜியம் 2014இல் போட்ட திட்டத்தை ஆறாண்டு கழித்து 2020இல் திருத்தி எழுதியது. பழவேற்காட்டு முகத்துவாரமோ ஒரு புயலில் இடம் மாறிவிடும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நாங்கள் எப்படித் தயாராவது?

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்குக் குறைந்தது முப்பது நாட்களுக்கு முன் அறிவிப்புத் தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் கிடைக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தை வாங்கி ஊர்க் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். அதில் உங்கள் ஊரின் பெயர் இருக்கிறதா, உங்கள் வலை போடும் இடம் வெற்றுக் கடலாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூட்டத்தில் பேசியதை எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆவேசமாகப் பேசியது காற்றோடு போகும். மாதம், இடம், மீன் வகை என்று எழுதிக் கொடுத்தது கோப்பில் நிற்கும்.

நாங்கள் மீன்பிடிக்கும் இடங்களை வரைபடத்தில் காட்டினால், மற்றவர்கள் அங்கே வந்துவிட மாட்டார்களா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் தயங்குகிறேன். கரையிலிருக்கும் கலங்கரை விளக்கத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் ஓர் உயர்ந்த மரத்தையும் நேர்கோட்டில் வைத்து, பக்கவாட்டில் இன்னொரு அடையாளத்தைப் பிடித்து, கடலடியில் இருக்கும் ஒரு பாரின் (பாறைத் திட்டின்) மேல் படகைக் கொண்டுபோய் நிறுத்துவது அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த அறிவு. அதை ஓர் அதிகாரியின் கணினியில் புள்ளியாகக் கொடுத்துவிட்டால் நாளை அந்தப் புள்ளி யாருடைய கைக்குப் போகும் என்ற அச்சம் நியாயமானது. விசைப்படகுக்காரர் அங்கே வரலாம். கடலடி ஆய்வு செய்ய வருபவருக்கும் அது பயன்படலாம். கொடுக்காவிட்டாலோ வரைபடத்தில் அந்த இடம் வெறும் நீலமாக இருக்கும். வெறும் நீலத்தின் மேல் கோடு போட யாரும் தயங்குவதில்லை.

ஆகவே இரண்டு வரைபடங்கள் வைத்துக்கொள்ளுமாறு நான் ஊர்களில் சொல்லி வருகிறேன். நுட்பமான புள்ளிகள் உள்ளது ஊர்ப் பஞ்சாயத்தின் பெட்டியில் இருக்கட்டும். அரசிடம் தருவதில், பெரிய கட்டங்களாகப் பிரித்து, இந்தக் கட்டத்தில் இந்த மாதங்களில் இத்தனை படகுகள் இந்த மீனுக்குப் போகின்றன என்று மட்டும் குறிப்பிட்டு, அதைக் கிராம சபைத் தீர்மானத்தோடு இணைத்துக் கொடுக்கலாம். திட்டம் எழுதுபவருக்கு அந்த அளவு போதும். அண்மையில் ஒரு குப்பத்தில் இப்படி வரைய உட்கார்ந்தபோது, சார்ட் தாளில் கரைக்கோட்டைப் போட்டு முடிப்பதற்குள், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி உள்ளே வந்து, ஓரத்து ஆழமில்லாத பகுதியில் விரலை வைத்து, “இதை ஏன் விட்டுட்டீங்க, நாங்க இங்கதானே இறங்குறோம்?” என்று கேட்டார். பேனாவை அவரிடம் கொடுத்தோம். அவர் போட்ட வட்டம் அந்தத் தாளில் இருக்கிறது.